இல்லமும் காரியங்களும்: தோல் சோபாவும் வீட்டுப் பிராணியும்



சென்ற மாதம் கராச்சர்மாவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கணவர் பல ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், சென்னையிலிருந்து கப்பலில் ஒரு தோல் சோபாவை வரவழைத்திருக்கிறார். வீட்டிலோ பிள்ளைகள் மழையில் நனைந்து கிடந்த குட்டியாக எடுத்து வளர்த்த ஒரு நாட்டு நாய் இருக்கிறது. சோபா வந்த பத்தாம் நாள் அதன் கைப்பிடியில் நகக்கீறல் விழுந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கூட்டத்திற்கு வந்த ஒரு தாயாரின் வெள்ளைச் சேலையில் நாய்மயிர் ஒட்டிக்கொண்டது. "இந்த மாத முடிவுக்குள் நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இல்லையேல் நானே கொண்டுபோய் விடுவேன்" என்று கணவர் சொல்லிவிட்டாராம். இளைய மகன் மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா, நான் யார் பக்கம் பேசுவது?" என்று முடித்திருந்தார்கள்.

இக்கடிதத்தை வாசித்தபோது என் உள்ளத்தில் ஒரு குத்தல் உண்டாயிற்று. ஏனெனில் இதே காரியத்தில் நான் ஒருமுறை தவறாகத் தீர்ப்புச் செய்தவள். அதை இதுவரை இப்பக்கத்தில் எழுதியதில்லை. இப்பொழுது எழுதாமல் அந்தச் சகோதரிக்குப் பதில் கூறுவது நேர்மையாகாது என்று தோன்றுகிறது.

2015-ஆம் ஆண்டில் நாங்கள் ஜங்லிகாட்டில் ஒரு வாடகை வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தோம். சென்னைக்குப் போயிருந்த என் கணவர் அங்கே ஒரு கடையில் கருஞ்சிவப்பு நிறச் சோபா ஒன்றைப் பார்த்தார். "லெதர் சார், இருபது வருஷம் உழைக்கும்" என்று கடைக்காரர் கூறினார். முப்பத்தெட்டாயிரம் ரூபாய், கப்பல் கூலி தனி. சென்னைக்கும் நம் தீவுக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். அதைக் கடக்கக் கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். அவ்வளவு தூரம் வந்த பொருளை நடுக்கூடத்தில் இறக்கி வைத்த அன்று, அண்டை வீட்டார் எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்துச் சென்றார்கள். நானும் அதில் ஒரு பெருமை கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

எங்கள் வீட்டில் அப்பொழுது சாம்பி என்னும் சாம்பல் நிறப் பூனை ஒன்று இருந்தது. மூன்றாம் மழைக்காலத்தில், அதாவது 2018-இல், சோபாவின் தலைசாயும் இடத்திலும் கைப்பிடியிலும் மேல்தோல் சிறு செதில்களாக உரியத் தொடங்கிற்று. உட்காருகிறவர்களின் சட்டையிலெல்லாம் சிவப்புத் துணுக்குகள் ஒட்டின. குற்றவாளி யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. பூனைக்கு நகம் இருக்கிறது. பூனை சோபாவில் படுக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? நானே அதை ஒரு கூடையில் மூடி, மீன் இறங்கும் துறைக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன். "மீன் கிடைக்கும் இடம், பிழைத்துக்கொள்ளும்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். என் மகள் பதில் பேசாமல் எழுந்து போனாள்.

பூனை போய் நான்கு மாதங்களாயின. சோபா உரிவதோ நிற்கவில்லை. இருக்கைகள் முழுவதும் செதில் செதிலாய்ப் பெயர்ந்து, உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. குஷன் வேலை செய்யும் முதியவர் ஒருவரை அழைத்துக் காண்பித்தோம். அவர் வாணியம்பாடிப் பக்கத்தவர். இளவயதில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். கைப்பிடியின் ஓரத்தை விரலால் சற்று நிமிண்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தோலே இல்லையே. துணியின்மேல் பூச்சு. நம்ம ஊர் ஈரத்துக்கு இது இப்படித்தான் போகும்" என்றார். பூனை கீறியது என்று நான் சொன்னபோது சிரித்தார். "பூனை கீறினால் கோடு விழும், ஓட்டை விழும், நூல் பிரியும். இப்படிப் படைபோல உரியாது. பாருங்கள், உங்கள் தலையெண்ணெய் பட்ட இடத்தில்தான் முதலில் போயிருக்கிறது."

அன்று மாலையே நானும் என் மகளும் துறைக்குப் போய்த் தேடினோம். அடுத்த வாரமும் போனோம். சாம்பியைக் காணவில்லை.

இப்பொழுது அந்த முதியவர் சொன்னதன் விவரத்தைப் பார்ப்போம். ஏனெனில் இதை அறியாமல் தோல் சோபா வாங்குகிற எவரும் எங்களைப்போலவே ஏமாறக்கூடும். கடைகளில் "லெதர்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் நிற்கின்றன. முதலாவது உண்மைத் தோல். மாட்டின் அல்லது எருமையின் தோலைப் பதனிட்டு, நிறமேற்றி, மேலே மெல்லிய பாதுகாப்புப் பூச்சிட்டது. இரண்டாவது, தோல் ஷாப்புகளில் மிஞ்சும் துணுக்குகளைத் தூளாக்கி, பசையோடு சேர்த்துத் துணியில் பரப்பி, மேலே தோலின் வரிகளை அச்சிட்டது. இதனைப் 'பாண்டட் லெதர்' என்பார்கள். பலவற்றில் தோலின் அளவு ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மூன்றாவது, தோலே இல்லாத ரெக்சின் வகை: துணியின்மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு. பாலியூரித்தேன் பூச்சுக்கு நீராவி பெரும் பகை. வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்கும் காற்றில், நீரானது அந்தப் பூச்சின் இணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. முதலில் பிசுபிசுக்கும், பின்பு வெடிக்கும், பின்பு உரியும். யாரும் உட்காராமல் மூடி வைத்தாலும் இது நடைபெறும். வறண்ட ஊரில் பல ஆண்டுகள் தாங்கும் அதே சோபா, நம் தீவில் மூன்று மழைக்காலங்களில் முடிந்துபோவதன் காரணம் இதுவே. பாண்டட் லெதருக்கும் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன்தான் என்பதால் அதன் முடிவும் அப்படியே.

இந்தக் காரியத்தில் நம் தமிழ்நாட்டாருக்கு அறியாமை இருக்க நியாயமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களின் பிழைப்பே தோல்தான். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும். இக்காலத்தில் பெரும்பகுதி குரோமிய உப்பினால் பதனிடப்படுகிறது. அது விரைவானது, தோலும் மென்மையாக இருக்கும். ஆனால் அதன் கழிவு பாலாற்றங்கரையின் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் மாவட்ட மக்கள் நலனுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு நாடறிந்தது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் அத்தீர்ப்பினால் வலுப்பெற்றது. நாற்றமும் நீரும் இத்தொழிலை விட்டு என்றும் பிரிந்ததில்லை. யோப்பாவில் பேதுரு தங்கியிருந்த வீடு தோல் பதனிடுகிற சீமோனுடையது என்பதையும், அது கடலோரத்தில் இருந்தது என்பதையும் வேதத்தில் வாசிக்கிறோம். ஊருக்குள் அத்தொழிலாளிக்கு இடமில்லாத காலம் அது. நாம் சாய்ந்துகொள்ளும் சோபாவின் பின்னால் யாருடைய கிணற்றுத் தண்ணீரும் யாருடைய கைகளும் இருக்கின்றன என்பதை நினைத்தால், ஒருமுறை வாங்கியதை நீண்டகாலம் காப்பதே நல்லது என்று தோன்றும்.

வாங்கும்போது எப்படிக் கண்டறிவது? சோபாவின் அடிப்புறத்தையோ, மெத்தையின் ஜிப்பைத் திறந்து உட்புறத்தையோ பாருங்கள். உண்மைத் தோலின் பின்பக்கம் மெல்லிய நாருடன், சூயீட் செருப்பைத் தடவியதுபோல இருக்கும். துணியின் இழை தெரிந்தால் அது பூச்சு. மேற்புறத்தை விரலால் அழுத்தினால் உண்மைத் தோலில் ஒழுங்கற்ற நுண்சுருக்கங்கள் பரவும். போலியில் அந்த இடம் மட்டும் குழிந்து நிற்கும். தோலின் வரிகள் எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருந்தாலும் ஐயப்படுங்கள். உண்மைத் தோலில் கொசுக்கடி, முள் கீறிய தழும்பு முதலியவை ஆங்காங்கே தெரியும். ஒரு கடையில் இதைப் 'பழுது' என்று சொல்லித் தள்ளுபடி கேட்ட ஒரு சகோதரியை நான் அறிவேன், கடைக்காரரும் கொடுத்துவிட்டார்! மேலும், இருக்கையில் மட்டும் உண்மைத் தோலும் பின்புறத்திலும் பக்கங்களிலும் ரெக்சினும் வைத்துத் தைப்பதும் சாதாரண வழக்கமே. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பில்லில் "உண்மைத் தோல்" என்று எழுதித் தரக் கேளுங்கள். எங்கள் பில்லில் "சோபா செட் 3+1+1" என்று மட்டுமே இருந்தது. லெதர் என்ற சொல்லே இல்லை. எழுத்தில் இருந்திருந்தால் வழி இருந்தது. இன்று நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையீட்டிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வாங்கிய ஊரில்தான் வழக்கிட வேண்டும் என்பதும் இல்லை. நாம் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். கடல் தாண்டிப் பொருள் வாங்கும் நமக்கு இது மிகவும் பயனுள்ளது.

2021-இல், மாற்றலாகி முதன்மை நிலத்திற்குத் திரும்பிய ஓர் அதிகாரியின் குடும்பத்தாரிடம் பழைய தோல் சோபா ஒன்றை வாங்கினோம். இத்தீவில் நல்ல பொருள் கிடைக்கும் வழி பெரும்பாலும் இதுதான் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த முதியவரையே கூட்டிச்சென்று பார்த்தோம். எருமைத் தோல், படாக் மரச் சட்டம். படாக் என்பது நம் தீவுகளுக்கே உரிய செம்மரம். கரையான் அதை எளிதில் அணுகாது. (2002-இல் உச்சநீதிமன்றம் இத்தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான வரம்புகளை விதித்த பின்பு, படாக் சாமான்கள் வைத்திருப்போர் அவற்றை முன்னிலும் கருத்தாகக் காக்கிறார்கள்.) இப்பொழுது எங்கள் வீட்டில் பூனை இல்லை. நாய் ஒன்று இருக்கிறது. ஆகவே கீழே நான் எழுதுபவை பெரும்பாலும் என் கையால் செய்து பார்த்தவை.

உண்மைத் தோலுக்கு நம் தீவில் முதல் பகை நாய் அல்ல, பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 65 அல்லது 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் தோலில் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். இங்கோ ஆண்டின் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்கு மழை வந்து சேருகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். ஆகையால் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மின்விசிறிக் காற்று அதன்மேல் படட்டும். கப்பலில் வந்த பிளாஸ்டிக் உறையை உடனே எடுத்துவிடுங்கள். "புதுசு கெடாமல் இருக்கட்டும்" என்று அந்த உறையோடே வருடக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் நம்மில் எத்தனை! உறைக்குள் ஈரம் அடைபட்டு, அவர்கள் காக்க நினைத்த தோலே உள்ளுக்குள் வெண்மை பூத்துக் கிடக்கும். விருந்தினர் வரும்போது மட்டும் உறையை நீக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த வீட்டார் பிளாஸ்டிக்கில் வியர்த்து உட்காரவா பணம் கொடுத்தோம்?

பூஞ்சணம் கண்டால் வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். தூசி எங்கும் பரவும். முடிந்தால் வராந்தாவிற்குக் கொண்டுபோய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷினால் துடைத்தெடுங்கள். பின்பு மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து, பஞ்சுத் துணியில் சிறிதளவு நனைத்து, ஒத்தித் துடையுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் செய்து பார்த்து, நிறம் கரையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே முழுவதும் செய்யுங்கள். நிழலில் காற்றோட்டமாக உலரட்டும். நண்பகல் வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.

தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இங்கே தேங்காய்க்குக் குறைவில்லை. ஆகவே கை தானாக எண்ணெய்க் கிண்ணத்திற்குப் போகிறது. வேண்டாம். பூச்சிட்ட தோலுக்குள் அது சரியாக இறங்குவதில்லை. மேலே தங்கி, நாளடைவில் சிக்குப் பிடித்து, நிறத்தைக் கருக்கச் செய்து, பூஞ்சணத்திற்கு உணவாகும். சோபாத் தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை ஆண்டிற்கு இருமுறை, அதுவும் பிப்ரவரி, மார்ச் போன்ற வறண்ட மாதங்களில், மிகச் சிறிதளவு தடவினால் போதுமானது. அது உலரும்வரை பிராணிகளை அந்த அறைக்குள் விடாதீர்கள், நக்கிவிடும்.

இனி பிராணிகளின் காரியம். உண்மையைச் சொன்னால், துணிச் சோபாவைக் காட்டிலும் தோல் சோபா பிராணிகள் உள்ள வீட்டிற்கு ஏற்றது. மயிர் இழைக்குள் புகாது. ஒரு துடைப்பில் வந்துவிடும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஒளிய இடம் குறைவு. தையல் மடிப்புகளை மட்டும் வாரம் ஒருமுறை பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தால் போதும். வாசனையும் துணியில் போல ஊறி நிற்பதில்லை. தோலின் பலவீனம் ஒன்றே: கீறல்.

அந்தக் கீறலை உண்டாக்குவது நகம் மட்டுமல்ல. நம் ஊரில் மணல்! கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளும் நாயும் அப்படியே சோபாவில் ஏறினால், பாதங்களில் ஒட்டியுள்ள பவழ மணல் உப்புத்தாள்போலத் தோலைத் தேய்க்கும். கடல்நீரின் உப்பு வெண்கறையாகப் படியும். அதுவே காற்றின் ஈரத்தையும் இழுக்கும். வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் பழைய துண்டும் வையுங்கள். நாய்க்கால் நான்கு, பிள்ளைக்கால் எத்தனையோ, எல்லாம் கழுவித் துடைத்த பின்பே உள்ளே. நாயின் நகங்களை மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டுங்கள். நகத்தின் உள்ளே இரத்தநாளம் ஓடுகிறது; முதல்முறை கால்நடை மருத்துவர் வெட்டும்போது அருகிருந்து கற்றுக்கொள்வது நலம்.

பூனை கீறுவது குறும்பினால் அன்று. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டவும், தன் மணத்தைப் பதிக்கவும் அது கீறியே ஆகவேண்டும். அடிப்பதால் நிற்காது, வேறு இடம் கொடுத்தால் மாறும். இடுப்பளவு உயரமுள்ள ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆட்டம் இல்லாமல் பலகையில் அறைந்து, பூனை கீறுகிற அந்தச் சோபாவின் மூலையிலேயே முதலில் நிறுத்துங்கள். அது பழகிய பின்பு நாளுக்கு ஓர் அடியாக நகர்த்தலாம். சாம்பிக்கு இப்படி ஒரு கட்டை செய்ய எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

பல் முளைக்கும் நாய்க்குட்டி, மூன்று முதல் ஏழு மாதம்வரை, எதையும் கடிக்கும். தோல் அதற்கு இறைச்சியின் இனம். ஆகவே சோபாவின் ஓரம் தித்திக்கும். கடிப்பதற்கென்று வேறு பொருள் கொடுங்கள். வெளியே போகும்போது கூடத்தின் கதவைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள். மிளகாய்த்தூளைக் கரைத்துத் தடவுகிறவர்கள் உண்டு. அது குட்டியின் கண்ணையும் எரிக்கும், தோலிலும் கறையாகும், பின்பு உங்கள் கையிலும் ஒட்டும்.

சிறுநீர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் தையல் வழியே உள்ளே இறங்கும். உலர்ந்த துணியால் ஒத்தி எடுங்கள். பின்பு குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு, மூன்று முறை ஒத்துங்கள். நாற்றம் போக்க அமோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்தினால், அந்த மணமே சிறுநீரை ஒத்திருப்பதால் பூனை மறுபடியும் அதே இடத்தைத் தேடும். இதில் வேறொரு எச்சரிக்கையும் உண்டு. 1980-களின் இறுதியில் இத்தீவுகளில் இரத்தம் கக்கவைத்த ஒரு மர்மக் காய்ச்சல் பரவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் என்பதைப் பின்னர் இங்குள்ள வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகள் நிறுவின. எலி மட்டுமல்ல, நாயும் மாடும்கூட அக்கிருமியைச் சிறுநீரில் வெளியேற்றக்கூடும். ஆகவே கையுறை அணிந்து சுத்தம் செய்யுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். நாய்க்குப் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்ததுண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பினாயில் ஊற்றித் துடைப்பது நம் வீடுகளின் பழக்கம். தோலின் பூச்சையும் அது கெடுக்கும், பூனையையும் கெடுக்கும். பினாயில் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கியே நோயுறும். சோபாவின் இடுக்குகளில் அந்துருண்டை போடுவதும் அப்படியே ஆபத்தானது. மிதமான சோப்பை ஒரு சொட்டு, வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைப்பது போதும்.

கராச்சர்மாச் சகோதரிக்கு இப்பொழுது நேரடியாக எழுதுகிறேன். கணவரோடு சண்டையிட வேண்டாம். அவர் பிரயாசப்பட்டுச் சேர்த்த பணம். அவர் வேதனை நியாயமானது. முதலில் இருவருமாகச் சோபாவின் அடியில் பார்த்து அது தோல்தானா என்று உறுதி செய்யுங்கள். தோல் இல்லையென்றால், நாயை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது உரியும் என்பதை அவர் அறியட்டும். வாங்கி இரண்டு ஆண்டு ஆகாததால் முறையீடு செய்யவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. தோல் என்றால், கைப்பிடியிலுள்ள மேலோட்டமான கீறலைக் குஷன் வேலைக்காரர் அதே நிறப் பூச்சினால் மறைத்துத் தருவார்; பெரிய செலவாகாது.

நாய் சோபாவில் ஏறுவது அங்கே உங்கள் வாசனை இருப்பதாலும், விசிறிக்கடியில் தோல் குளிர்ச்சியாக இருப்பதாலும்தான். சோபாவின் அருகிலேயே, அதே விசிறிக்கடியில், உங்கள் பழைய சேலையை மடித்துப் போட்டு அதற்கென்று ஓர் இடம் ஏற்படுத்துங்கள். ஏறினால் அடிக்காமல் "கீழே" என்று ஒரே சொல்லைச் சொல்லி இறக்கி, தன் இடத்தில் படுத்ததும் ஒரு துண்டு மீன் கொடுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விதமாய் நடந்துகொண்டால் இரண்டு, மூன்று வாரங்களில் கற்றுக்கொள்ளும். தந்தை இறக்கிவிட, மகன் இரகசியமாக ஏற்றி வைத்தால் ஆகாது. இதை உங்கள் இளைய மகனிடம் அவசியம் சொல்லுங்கள். அதற்குள் சோபாவின்மேல் பருத்திப் போர்வை ஒன்றை விரித்து, வாரந்தோறும் துவையுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போர்வையை எடுத்துவிட்டு, நாயைப் பின்கட்டில் கட்டுங்கள். வெள்ளைச் சேலைத் தாயாருக்கு வேண்டுமானால் பிரம்பு நாற்காலி போடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தாழ்ந்த சோபாவைவிட அதுவே எழுந்திருக்க இலகுவானது.

"எங்காவது விட்டுவிடுவது" என்பதைப்பற்றி ஒரு வார்த்தை. வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போன நாளில் இதை அறியாதிருந்தேன். அறிந்திருந்தாலும் என் மகளின் முகத்தைவிட அந்தச் சட்டம் எனக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது.

அவள் இப்பொழுது சென்னையில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வரும்போது ஒருநாளாவது மீன் துறைப்பக்கம் போய்வருகிறாள். மீன் வாங்கத்தான் போவதாகச் சொல்லுகிறாள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரியே, மாத முடிவிற்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. இந்தப் பத்திரிகை உங்கள் கையில் வருவதற்குள் காலம் கடந்துவிடக்கூடாது என்று, இதன் சாரத்தைத் தனிக் கடிதமாகவும் உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். நாயின் பெயரை நீங்கள் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.